ஆறாவது கேள்வி

வெளியே வைகாசி.
உப்புவெளி மணலில் நண்டுகூட
நின்று யோசிப்பதில்லை.
உள்ளே எண்பது பாகை, மரவாசம், கல்லடுப்பு.
இதற்கும் காசு கட்டி வருகிறார்கள் சனம்.
சிரிக்கக் கூடாதென்பதுதான்
எனக்குப் பழக்கிய முதல் வேலை.

இரண்டாவது, கேட்பது.
நெஞ்சு நோ உண்டா?
காய்ச்சல்?
பிறஷருக்குக் குளிசை எடுக்கிறீர்களா?
மதியம் பியர் குடித்தீர்களா, சும்மா ஒன்று என்றாலும்?
வயிறு முட்டச் சோறு?
சங்கிலியைக் கழற்றுங்கள், பொன் சுடும்.
பத்து நிமிடம் போதும்.
எழும்பும்போது கொஞ்சம் இருந்து,
பிறகு நில்லுங்கள்.
பெண்கள் என்றால் ஆறாவது கேள்வி,
குரலைத் தாழ்த்தி:
பிள்ளை உண்டாகியிருக்கிறீர்களா?

பேரின்பநாயகம் ஒஸ்லோவிலிருந்து வந்தவர்.
கேள்வி முடியமுதலே "இல்லை" போட்டார்.
"தங்கச்சி, நான் கன்னியாவில பிறந்தவன்.
ஏழு கிணத்துச் சுடுதண்ணியையும்
வாளி வாளியா ஊத்தி வளந்த உடம்பு.
அங்க இருவது நிமிசம் இருந்திட்டு
பனிக்குள்ள குதிக்கிறனான்."
இங்கே பனி இல்லை ஐயா,
கடல்தான், அதுவும் இந்த மாதம் வெந்நீர் என்றேன்.
சிரித்தார்.
கதவு மூடியது. மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தேன்.

சட்டையைக் கொளுவும்போது
பையிலிருந்து விழுந்தது குளிசை மட்டை.
பெயர் வாசிக்கத் தேவையில்லை.
பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்
விடியமுதல் நம்பர் எடுத்து
மாமிக்கு நான் வாங்கும் அதே வெள்ளை.
சலத்தைப் போக்கும், பிறஷரை இறக்கும்.
இன்றைய குழி வெறுமை.

மணல் பாதிகூட இறங்கவில்லை.
தட்டினேன்.
இன்னொரு முறை, கை நோகத் தட்டினேன்.
வீம்புக்கு ஒரேயடியாய் எழும்பி வந்தார்.
ஓரடி. இரண்டடி.
மூன்றாவதை நிலம் வாங்கவில்லை.

நிலூக்கா தோளைப் பிடித்தாள், நான் தலையை.
படுக்க வைத்து
துவாய்ச் சுருள்மேல் காலை ஏற்றினோம்.
காற்றாடி. கழுத்துக்கு ஈரத்துணி.
கண் தெளிந்து பெயர் சொன்ன பிறகுதான் தண்ணீர்,
மிடறு மிடறாய்.
அவள் வெட்டிக் கொண்டுவந்த செவ்விளநீரைத் தடுத்தேன்,
வேறென்ன குளிசை எடுக்கிறாரோ தெரியாது.
மெஷின் கையை இறுக்கி, பெருமூச்சு விட்டு,
தொண்ணூறு, ஐம்பத்தாறு என்றது.
டொக்டர் றிஸ்வியா போனில் கத்தினார்:
நெஞ்சு இறுகினால் எனக்கு அடிக்காதே,
பத்தொன்பது தொண்ணூறுக்கு அடி.

இறுகவில்லை.
கூரையைப் பார்த்தபடி அவர்தான் தொடங்கினார்:
"மாசியிலதான் ஸ்டென்ட் வச்சது.
அங்க எந்த நேரமும் நோயாளி.
ஊரிலயாவது..."
மிச்சத்தைச் சொல்லவில்லை.

புதுப் படிவம் எடுத்தேன்.
ஆம். ஆம். பியரா? அதுவும் ஆம், ஒன்றரை.
ஆறாவதில் பேனா நின்றது.
"அது பொம்பிளையளுக்கு" என்றேன்.
"அப்ப உங்களிட்ட ஆர் கேக்கிறது?"
பகிடிதான். நிறம் திரும்பிக்கொண்டிருந்தது அவருக்கு.

ஒருவரும் கேட்பதில்லை.
கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற
ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தரம் உள்ளே போகிறேன்.
இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது.
சீசன் முடியட்டும் என்று
அவரிடமும் சொல்லவில்லை, கிளினிக்கிலும் இல்லை.
வேலைக்குச் சேர்ந்த தாளில்
நானும்தான் வேகமாய் "இல்லை" போட்டவள்.

வாசலில் அடுத்த சோடி, வெள்ளை அங்கியில்.
அகப்பையை நிலூக்காவிடம் நீட்டினேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
பிறகு கொஞ்சம் கீழே,
பிறகு ஒன்றும் கேளாமல் வாங்கிக்கொண்டு போனாள்.
கல் சீறியது.

கையெழுத்துப் போட வேண்டுமென்று
பேரின்பநாயகம் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்,
கதிரைக்குக் கீழேயும் குனிந்து.
குனியாதீர்கள் ஐயா, தலை சுற்றும்.
அது என் கொண்டையில் இருந்தது.